முதலில் பேசுபவனின் இக்கட்டு: சீட்டாட்டத்தில் இடனறிதல்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை அடுத்து ரேஸ் கோர்ஸ் சாலை என்றொரு சாலை உண்டு. வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் பெயர் பெற்ற அச்சாலையில் இன்று குதிரை எதுவும் ஓடவில்லை. ஆயினும் பெயர் நிலைத்துவிட்டது. 1843ஆம் ஆண்டு முதல் 1933 வரை அதன் அருகே, பேரர் பார்க் திடலில், குதிரைப் பந்தயம் நடைபெற்றது. பின்னர் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் பெயர்ந்தது; 1999இல் கிராஞ்சிக்குச் சென்றது; 2024 அக்டோபர் 5ஆம் நாள் கடைசிப் பந்தயம் ஓடி முடிந்தது. ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டு வழக்கம் அன்றோடு நின்றது.

பந்தயம் நின்றது, சூது நின்றதா? இல்லை. 2010ஆம் ஆண்டில் செந்தோசாவிலும் மரினா பேயிலும் இரண்டு சூதாட்டக் கூடங்கள் திறக்கப்பட்டன. அக்கூடங்களில் நுழையும் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் முதலில் ஒரு நாளைக்கு 100 வெள்ளி செலுத்த வேண்டியிருந்தது. 2019 ஏப்ரல் முதல் அத்தொகை 150 வெள்ளியாக உயர்ந்தது. இருபத்தொரு வயது நிரம்பாதோர் உள்ளே செல்லலாகாது. ஆனால் கைப்பேசித் திரையில் சீட்டாட்டப் போட்டியைக் காண்பதற்கு வயதும் இல்லை, கட்டணமும் இல்லை. மேல்வகுப்பு மாணவர்கள் அவற்றைக் கண்டு, "இது அதிர்ஷ்டமன்று, அறிவு" என்று வாதிடுகின்றனர். அவ்வாதத்திற்கு விடை கூற வேண்டிய ஆசிரியர், "சூது தீது" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால், மாணவன் வாயை மூடிக்கொள்வான். எண்ணத்தை மாற்றிக்கொள்ள மாட்டான். ஆகையால் அந்த ஆட்டத்தில் அறிவு எங்கே வேலை செய்கிறது, எங்கே தோற்றுப்போகிறது என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது நன்று.

ஆட்டத்தின் அமைப்பு

போக்கர் எனப்படும் ஆட்டத்தில் இன்று பெருவழக்காக உள்ள வகை எளிதானது. ஒவ்வொருவர்க்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பிறகு மேசை நடுவே ஐந்து சீட்டுகள் திறந்து வைக்கப்படும்: முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியாக ஒன்று. அவை அனைவர்க்கும் பொது. தன் கையிலுள்ள இரண்டும் பொதுவில் உள்ள ஐந்தும் ஆகிய ஏழிலிருந்து சிறந்த ஐந்தைச் சேர்த்துக் காட்டுபவன் வெல்வான். ஒரே மதிப்புள்ள இரு சீட்டுகள் ஒரு சோடி. அதைவிட இரு சோடி பெரிது. அதைவிட ஒரே மதிப்புள்ள மூன்று பெரிது. அதைவிட ஐந்து சீட்டுத் தொடர் வரிசை பெரிது. அதைவிட ஐந்தும் ஓரினமாக அமைவது பெரிது. அதற்கு மேலும் சில உண்டு.

சீட்டுகள் திறக்கப்படும் ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டப்படும். தன் முறை வந்தவன் பணம் வைக்கலாம், பிறர் வைத்ததற்கு ஈடு வைக்கலாம், அதைவிட ஏற்றலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். எவரும் பணம் வைக்காதபோது, ஒன்றும் வைக்காமல் முறையை அடுத்தவனுக்கு விட்டுவிடவும் செய்யலாம்.

முந்நூற்று நான்கு ஆடிய யாழ்ப்பாணத்துப் பெரியவர்களுக்குக் கேள்வி கேட்பதும் துரும்பு வைப்பதும் நன்கு தெரியும். அங்கும் யார் முதலில் கேள்வி கேட்கிறார் என்பது பொருட்டு. ஆனால் போக்கரில் அது பொருட்டு மட்டுமன்று. ஆட்டத்தின் பாதி அதுவே எனலாம்.

இடம் என்பது யாது?

இருவர் மட்டுமே ஆடும் ஆட்டத்தைக் கொள்வோம். பொதுச் சீட்டுகள் திறந்த பின்னர், ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவனே முதலில் பேச வேண்டும். மற்றவனே பின்னால் பேசுவான். சீட்டுப் பகிர்வோன் என்று குறிக்கப்பட்டவனுக்குப் பின்னிடம் கிடைக்கும். அடுத்த ஆட்டத்தில் இடம் மாறும்.

தேக்கா சந்தையில் பேரம் பேசுவோர்க்கு இதன் அருமை தெரியும். விலையை முதலில் சொன்னவன் தன் மனத்தில் உள்ளதில் ஒரு பகுதியை வெளியிட்டுவிட்டான். கேட்டவன் எதையும் வெளியிடவில்லை. சீட்டாட்டத்திலும் அவ்வாறே. முன்னவன் பணம் வைத்தால், "கையில் ஏதோ இருக்கிறது" என்பது ஒரு செய்தி. வைக்காமல் விட்டால், "பெரிதாக இல்லை போலும்" என்பது மற்றொரு செய்தி. பேசினாலும் செய்தி, பேசாவிட்டாலும் செய்தி. பின்னவன் அச்செய்தியைப் பெற்றுக்கொண்டு தன் முடிவைச் செய்கிறான். மேலும், முன்னவன் விட்டுவிட்டால், பின்னவன் தானும் விட்டுவிட்டு அடுத்த சீட்டைச் செலவின்றிக் காணலாம். நடுவில் குவியும் தொகை பெருகுவதா சிறுகுவதா என்பதும் பெரும்பாலும் அவன் கையில் இருக்கிறது.

இது வெறும் அனுபவ மொழியன்று. 2015ஆம் ஆண்டில் கனடாவின் ஆல்பர்ட்டாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பவுலிங் குழுவினர், இருவர் ஆடுவதும் பந்தயத் தொகைக்கு வரம்பு உள்ளதுமான போக்கர் வகையைக் கணிப்பொறியால் நடைமுறையில் முற்றத் தீர்த்துவிட்டனர். இருவரும் குறையற ஆடினாலும் பகிர்வோன் இடத்தில் இருப்பவனுக்கே நீண்ட கணக்கில் ஆதாயம் என்பது அக்கணக்கில் உறுதியாயிற்று. சீட்டு இருவர்க்கும் ஒன்றே போல் வரினும் இடம் ஒன்றே போல் வராது.

ஒரு புகழ்பெற்ற கை

இவ்விக்கட்டைக் கண்கூடாகக் காட்டும் ஆட்டம் ஒன்று 2003 மே மாதம் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் நடந்தது. உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டி அது. ஆளுக்கு 10,000 டாலர் செலுத்தி 839 பேர் கலந்துகொண்டனர். இறுதியில் இருவர் எஞ்சினர். ஒருவர் சாம் பர்ஹா. லெபனானில் பிறந்தவர், கைதேர்ந்த ஆட்டக்காரர். மற்றவர் கிறிஸ் மணிமேக்கர். டென்னசி மாநிலத்துக் கணக்கர், இணையவழித் தகுதிப் போட்டியில் வென்று அங்கு வந்து சேர்ந்த புதியவர். முதற்பரிசு 25 இலட்சம் டாலர். இரண்டாம் பரிசு 13 இலட்சம் டாலர்.

அந்தக் கையில் மணிமேக்கர் பின்னிடத்தில் இருந்தார். பர்ஹா முதலில் பேச வேண்டியவர். பர்ஹாவின் கையில் இஸ்பேடு ராணியும் ஆர்ட்டின் ஒன்பதும். மணிமேக்கரின் கையில் இஸ்பேடு ராஜாவும் ஆர்ட்டின் ஏழும். மணிமேக்கர் ஓர் இலட்சம் வில்லைக்கு ஏற்றினார். பர்ஹா ஈடு வைத்தார்.

திறந்த மூன்று: இஸ்பேடு ஒன்பது, டைமன் இரண்டு, இஸ்பேடு ஆறு. பர்ஹாவுக்கு ஒன்பதில் சோடி சேர்ந்துவிட்டது. அதுவே அப்போது மேசையில் அமையக்கூடிய மிகப் பெரிய பொதுச்சோடி. ஆயினும் அவர் பணம் வைக்காமல் விட்டார். மணிமேக்கரும் விட்டார்.

நான்காவது: இஸ்பேடு எட்டு. இப்போது மேசையில் மூன்று இஸ்பேடுகள். பர்ஹா 3 இலட்சம் வைத்தார். மணிமேக்கர் அதை 8 இலட்சமாக ஏற்றினார். அவரிடம் சோடிகூட இல்லை. ஆனால் இன்னோர் இஸ்பேடு வந்தால் ஓரினம் சேரும், ஐந்தோ பத்தோ வந்தால் வரிசை சேரும். பர்ஹா ஈடு வைத்தார். நடுவில் 18 இலட்சத்துக்கும் மேல் குவிந்தது.

ஐந்தாவது: ஆர்ட்டின் மூன்று. மணிமேக்கர் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை. முதலில் பேச வேண்டிய பர்ஹா, ஒன்றும் வைக்காமல் விட்டார். மணிமேக்கர் தம்மிடம் இருந்த வில்லைகள் அனைத்தையும் நடுவில் தள்ளினார்.

பர்ஹா நெடுநேரம் சிந்தித்தார். எதிரி எதிர்பார்த்த சீட்டு வராமல் போயிருக்கலாம் என்று வாய்விட்டே சொன்னார். அவர் சொன்னது முற்றும் உண்மை. ஆயினும் அவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டார். வென்ற சீட்டு வீழ்ந்தது, வெறுங்கை வென்றது. அன்றைய ஆட்டம் முடியும்போது பட்டமும் மணிமேக்கருக்கே போயிற்று.

எண்ணிப் பார்த்தால்

பர்ஹாவின் நாற்காலியில் இருந்து எண்ணிப் பார்ப்பது, கணக்கு வகுப்புக்கும் ஏற்ற பயிற்சியாகும். அவர் காணும் சீட்டுகள் ஏழு, காணாதவை 45. அந்த 45இல் இரண்டை எதிரி வைத்திருக்கிறான். நாற்பத்தைந்தை நாற்பத்து நான்கால் பெருக்கி இரண்டால் வகுத்தால் 990. ஆகவே எதிரியின் கை 990 வகையில் ஒன்று.

இவற்றுள் பர்ஹாவை வெல்வன எத்தனை? எஞ்சிய ஒன்பது இஸ்பேடுகளில் இரண்டை வைத்திருந்து ஓரினம் சேர்ப்பன 36. பத்தும் ஏழும், ஏழும் ஐந்தும், ஐந்தும் நான்கும் ஆகிய சேர்க்கைகளால் வரிசை அமைவன, முன்னே எண்ணிய ஓரினங்களைக் கழித்து, 45. ஒரே மதிப்பில் மூன்று சேர்வன 13. இரு சோடி அமைவன 77. பத்து முதல் ஆஸ் வரை கையிலேயே பெரிய சோடி உள்ளன 27. ஒன்பதில் சோடியும் துணைக்கு ஆஸோ ராஜாவோ உள்ளன 16. கூட்டினால் 214. சமமாக முடிவன 6. எஞ்சிய 770 கைகளைப் பர்ஹா வென்றுவிடுவார்!

நூற்றுக்கு ஏறத்தாழ 78 பங்கு வெற்றி வாய்ப்புள்ள சீட்டைக் கைதேர்ந்தவர் ஏன் கவிழ்த்தார்? இங்கேதான் மாணவன் கற்க வேண்டிய பாடம் உள்ளது. அந்த 990உம் சம வாய்ப்புடையன என்று கொள்வது எதிரி ஒன்றும் பேசாதிருந்தால் மட்டுமே பொருந்தும். இங்கு எதிரி முதலில் ஏற்றினான். மூன்று இஸ்பேடுகள் தெரிந்த நிலையில் மீண்டும் ஏற்றினான். கடைசியில் அனைத்தையும் வைத்தான். ஒன்றுக்கும் உதவாத கைகளில் பல இவ்வழியே வந்திருக்க மாட்டா. ஆகவே 770 சுருங்குகிறது, 214உம் சுருங்குகிறது, ஆனால் ஒரே அளவில் சுருங்குவதில்லை. எது எவ்வளவு சுருங்கியது என்பதை எதிரியின் பழக்கம் ஒன்றே காட்டும். சீட்டின் கணக்கு முடிந்து மனிதனின் கணக்கு தொடங்கும் இடம் அது.

எவ்வளவு நம்பினால் ஈடு வைக்கலாம் என்பதற்கும் அளவு உண்டு. நடுவில் உள்ள தொகைக்குச் சமமான தொகையை எதிரி வைத்தால், ஒரு பங்கு கொடுத்து இரண்டு பங்கு பெற முயல்வதாகும். மூன்றில் ஒரு முறை வென்றாலே நட்டமில்லை. இருமடங்கு வைத்தால் இரண்டு பங்கு கொடுத்து மூன்று பங்கு பெற முயல்வது. ஐந்தில் இரு முறை வெல்ல வேண்டும். எதிரியின் பந்தயம் எத்துணைப் பெரிதாயினும், பாதிக்குப் பாதி நம்பிக்கை இருந்தால் ஈடு வைத்தல் தகும்.

பொய்ப்பந்தயம் என்பது வெறும் துணிச்சல் அன்று. கணக்கின்படியே தேவைப்படுவது என்று ஜான் வான் நாய்மான் என்னும் கணித மேதை, மார்கன்ஸ்டர்ன் என்பாருடன் 1944இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் நிறுவியுள்ளார். நல்ல சீட்டு வரும்போது மட்டுமே பணம் வைப்பவனுக்கு எவரும் ஈடு வைக்க மாட்டார். ஆகவே சிறந்த ஆட்டக்காரன் சில வேளை வெறுங்கையோடும் வைத்தாக வேண்டும். எதிரியும் அதனை அறிந்து, சில வேளை நடுத்தரச் சீட்டோடும் ஈடு வைத்தாக வேண்டும்.

முன்னிடத்தில் இருப்பவன் செய்யத்தக்கது

பர்ஹாவின் செயல்களைத் தனித்தனியே நோக்கினால் ஒவ்வொன்றுக்கும் நியாயம் உண்டு. முதலில் விட்டது எதிரியைப் பேசவைப்பதற்கு. பின்னர் 3 இலட்சம் வைத்தது சோடியைக் காப்பதற்கு. ஈடு வைத்தது, ஓரினம் சேரும் வாய்ப்பு தமக்கும் இருந்ததால். கடைசியில் விட்டது, தொகையைப் பெருக்க விரும்பாததால். ஆனால் நான்கையும் கோத்துப் படித்தால் ஒரு வாக்கியம் கிடைக்கிறது: "என்னிடம் ஏதோ உண்டு, ஆனால் மிகச் சிறந்தது இல்லை." பின்னிடத்தில் இருந்தவர் அவ்வாக்கியத்தைப் பிழையறப் படித்தார்.

இதிலிருந்து பெறும் நெறிகள் சில. முன்னிடத்தில் இருப்பவன் குறைந்த கைகளையே ஆட வேண்டும். பின்னிடத்தில் ஆடத்தகும் ராணி-ஒன்பது முன்னிடத்தில் சுமையாகக் கூடும். நடுத்தரச் சீட்டு உள்ளபோது நடுத்தொகையைச் சிறிதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். பணம் வைக்குமுன், "எதிரி ஏற்றினால் என் செய்வேன்?" என்று கேட்டு விடையை வைத்துக்கொண்டே வைக்க வேண்டும். வலிய சீட்டு வந்தபோதும் சில வேளை பேசாது விட வேண்டும். இன்றேல் அவன் விடுதல் யாவும் வலியின்மையின் அறிவிப்பாகிவிடும்.

போட்டியில் இக்கட்டு இன்னும் மிகும். வீட்டு ஆட்டத்தில் தோற்றவன் மறுபடி பணம் எடுக்கலாம்; முதன்மைப் போட்டியில் வில்லை தீர்ந்தால் எழுந்து செல்ல வேண்டியதே. அன்று இருவர்க்கும் 13 இலட்சம் உறுதி. போட்டியெல்லாம் எஞ்சிய 12 இலட்சம் டாலருக்காகவே. அத்தொகை ஒரே "சரி" என்னும் சொல்லில் தொங்கும்போது நாக்கு எழுவது எளிதன்று.

ஒன்றை மறத்தலாகாது. பார்வையாளர்க்கு இருவர் சீட்டும் தெரியும், பர்ஹாவுக்குத் தெரியாது. விளைவை வைத்து முடிவைப் பழிப்பது, விடைத்தாளின் விடையைப் பார்த்துக்கொண்டு மாணவனைக் கடிவது போன்றதாகும்.

செந்தோசாவில் நடந்த வேறோர் ஆட்டம்

இதற்கு மறுபுறத்தைக் காண லாஸ் வேகாஸ் வரை செல்ல வேண்டியதில்லை. சூதாட்டக் கூடம் அமைந்த அதே செந்தோசா உல்லாசத் தளத்தில், 2024 நவம்பர் 25 முதல் உலகச் சதுரங்கப் பட்டப் போட்டி நடைபெற்றது. சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயது குகேஷ், சீனாவின் டிங் லிரேனை எதிர்த்தார். பதின்மூன்று ஆட்டம் முடிய இருவர்க்கும் ஆறரைப் புள்ளி. டிசம்பர் 12ஆம் நாள் பதினான்காம் ஆட்டத்தில் குகேஷுக்குக் கறுப்புக் காய்.

சதுரங்கத்தில் இடத்தின் கணக்கு தலைகீழ்: முதலில் நகர்த்தும் வெள்ளைக்கே சிறிது அனுகூலம். காரணம் எளிது. அங்கே மறைவு என்பதே இல்லை; முன்னே நகர்த்துவதால் இரகசியம் எதுவும் வெளிப்படாது; ஒரு நகர்வு மிச்சமாகும். சீட்டிலோ மறைவே உயிர். ஆகவே முன்னே பேசுவது நட்டம்.

பின்தங்கிய இடத்தில் இருந்தும் குகேஷ் சமநிலையை ஏற்க முந்தவில்லை. ஒரு சிப்பாய் மிகுதியாக இருந்த, பெரும்பாலோர் சமம் என்று கருதிய நிலையில், எதிரியை விடைகூற வைத்துக்கொண்டே இருந்தார். ஐம்பத்தைந்தாம் நகர்வில் டிங் தம் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். யானைகள் மாறின, மூலையில் இருந்த மந்திரியும் மாற்றத்துக்குத் தப்ப வழியின்றிப் போயிற்று, இரு சிப்பாய்களுக்கு எதிராக ஒன்று நின்றது. ஐம்பத்தெட்டாம் நகர்வில் ஆட்டம் முடிந்தது. இங்கு எவரும் எவரையும் பொய் சொல்லி வெல்லவில்லை. ஆடியவர் எவரும் தம் வீட்டுப் பணத்தைப் பலகையில் வைக்கவும் இல்லை.

அறிவு காக்குமா?

போக்கர் திறமையாட்டமா, அதிர்ஷ்டமா என்னும் வினாவை நீதிமன்றங்களும் ஆய்ந்துள்ளன. தமிழ்நாடு அரசு 2022இல் இயற்றிய இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்தைப் பற்றிய வழக்கில், 2023 நவம்பர் 9ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமையாட்டங்களே என்று கொண்டு, அவ்விரண்டையும் அதிர்ஷ்ட ஆட்டமெனத் தடுத்த பகுதியை நீக்கியது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையாயினும் அதிர்ஷ்டமாயினும் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் கூடாது என்றது. சிங்கப்பூரின் 2022ஆம் ஆண்டுச் சட்டமும், அதிர்ஷ்டத்தோடு திறமை கலந்த ஆட்டத்தையும் சூதின்பாற் படுத்துகிறது. தீபாவளி இரவில் உறவினரும் நண்பரும் வீட்டில் கூடி ஆடுவதை அச்சட்டம் விட்டுவைக்கிறது. இணையத்தில் அவ்வாறு ஆடுவதை விட்டுவைக்கவில்லை.

மாணவனுக்கு விடை இதுவாகலாம்: "நீ சொல்வது உண்மை; அதில் அறிவு உண்டு. ஆனால் அறிவிற் சிறந்த பர்ஹா, எதிரியின் வெறுங்கையை ஊகித்தும் இழந்தார். அறிவு ஆயிரம் ஆட்டங்களின் கூட்டுத்தொகையில் பலன் தரலாம்; இன்றிரவு உன் தந்தையின் சம்பளத்தைக் காக்காது. மேலும், உன்னைவிட அறிந்தவன் பின்னிடத்தில் அமர்ந்திருக்கக்கூடும்."

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. கையிலுள்ள சீட்டு வலி; பேசும் முறை காலம்; அமரும் நாற்காலி இடன். மூன்றையும் போக்கர் மேசையில் பொருத்திக் காட்டலாம். மாணவர் விரும்பிக் கேட்பர். ஆனால் அதே நூலில் சூது என்னும் தனி அதிகாரமும் உண்டு என்பதை ஆசிரியர் அறிவர். 990 என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதித் தொடங்கும் பாடம், அந்த அதிகாரத்தில் வந்து முடிவதே முறை.